"கல்லறை எதுவும் இல்லை"ன்னு எழுதினவங்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவுல, நேட்டாலோட வடக்குப் பக்கம், நிலக்கரிச் சுரங்கம் இருந்த எங்க ஊர் முனிசிபாலிட்டி கவுன்சிலர்களுக்கும், எங்க ஊர் கரிமேட்டை வாங்கியிருக்கற கம்பெனிக்காரங்களுக்கும்,

போன மாசம் அம்மாவைப் பாக்க ஊருக்குப் போனப்ப, கடையில பால் வைக்கற ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு பேப்பர் ஒட்டியிருந்துச்சு. ஒரே பக்கம், சின்ன எழுத்து, இங்கிலீஷ்ல மட்டும். சுரங்கக் கழிவைக் கொட்டி வச்ச பழைய மேட்டுல, அதான் டம்ப்ல, கிடக்கற கரியை மறுபடி தோண்டி கழுவி எடுக்கப் போறீங்க, அதுக்கு ட்ரக் போக புது ரோடு வேணும், அந்த ரோடு டம்புக்குப் பின்னாடி யூகலிப்டஸ் தோப்பு வழியா வரும், ஆட்சேபணை இருந்தா 30 நாளுக்குள்ள எழுதிக் கொடுக்கணும். இதெல்லாம் படிச்சுட்டு கீழ வந்தா கடைசிக்கு முந்தின வரியில இருக்கு, ரோடு போற வழியில குடியிருப்போ கல்லறையோ எதுவும் இல்லைன்னு.

அந்தத் தோப்புக்குள்ளதான் என் தாத்தாவோட அம்மாவைப் புதைச்சிருக்கு.

இந்த மடலை இங்கிலீஷ்லயும் ஸூலுலயும் எழுதி, ஊர்க்காரங்க கையெழுத்தோட உங்க ஆபீஸ் கவுண்டர்ல கொடுத்து, வாங்கினதுக்கு முத்திரையும் குத்தி வாங்கிட்டோம். தமிழ்ல தனியா எழுதறதுக்கு ஒரு காரணம் இருக்கு. அந்தத் தோப்புல படுத்திருக்கறவங்களோட பேரப்பிள்ளைங்க இன்னிக்கு டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்துலயும் ஃபீனிக்ஸ்லயும், ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேஷியாலயும் இருக்காங்க, தன் பாட்டன் எந்தச் சுரங்கத்துல இருந்தார்னு நிறைய பேருக்குத் தெரியாது, அவங்களும் உங்களைக் கேள்வி கேக்கற உரிமை உள்ளவங்க. நான் சாட்ஸ்வொர்த்துல சனிக்கிழமை தமிழ் கிளாஸ் எடுக்கறவ, பொறந்தது வளந்தது எல்லாம் அந்த ஊர்ல, சுரங்கத்து லைன் வீட்டுல.

முதல்ல அந்தத் தோப்பைப் பத்தி சொல்லணும், ஏன்னா நீங்க யாரும் அங்க போகலைன்னு உங்க பேப்பரைப் படிச்சாலே தெரியுது. மேல டேங்க் பக்கம் காரை நிறுத்திட்டு கீழ இறங்கினா முதல்ல வாட்டில் புதர், அப்புறம் யூகலிப்டஸ். சுரங்கத்துக்குள்ள முட்டுக்கொடுக்க மரம் வேணும்னு அந்தக் காலத்துல கம்பெனியே வச்ச மரங்க. அதுக்கு நடுவுல தரை மேடும் பள்ளமுமா இருக்கும், அந்த மேடு ஒவ்வொண்ணும் ஒரு ஆள். போன ஈஸ்டர் லீவுக்கு நானும் என் தம்பியும் புல்லை வெட்டி எண்ணிக்கிட்டே போனோம், 41 வரைக்கும் எண்ணினோம், அதுக்கு மேல முள்ளு, உள்ள போக முடியலை. கீழச் சரிவுல கல்லைக் குவிச்சு வச்ச ஸூலு கல்லறைங்க தனியா இருக்கு, அதை நாங்க எண்ணலை, அந்தக் குடும்பத்துக்காரங்கதான் வந்து எண்ணணும்னு விட்டுட்டோம்.

எங்க கொள்ளுப்பாட்டி கல்லறைக்குக் கல் கிடையாது. கல் வெட்ட காசு யாருக்கு இருந்துச்சு? பழைய பாய்லர் தகட்டுல ஒரு துண்டை வெட்டி நட்டு வச்சிருக்காங்க, என் கை அகலம்தான் இருக்கும், ஓரம் எல்லாம் துரு தின்னுடுச்சு. அதுல உளியால புள்ளி புள்ளியா அடிச்சு தமிழ்ல எழுதியிருக்கு. வெறும் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு பேப்பரை மேல வச்சு கரித்துண்டால மெதுவா தேச்சோம், அப்ப எழுத்து எந்திரிச்சு வந்துச்சு பாருங்க, முதல்ல ஒரு 'ம்', அப்புறம் 'மா', அதுக்குக் கீழ 1918. பேர்ல முன்பாதி போயிடுச்சு. ஆனா 'அம்மா'ங்கற பாதி நின்னுடுச்சு. அந்தப் பேப்பர் இப்ப எங்கிட்ட இருக்கு, நீங்க கேட்டா காட்டுறேன், கொடுக்க மாட்டேன்.

1918ன்னா அது பெரிய காய்ச்சல் வந்த வருஷம். அக்டோபர் மாசத்துல இந்த நாட்டையே புரட்டிப் போட்ட இன்ஃப்ளூயன்ஸா, சுரங்கக் கம்பவுண்டுல ஒரே ரூம்ல அத்தனை பேரை அடைச்சு வச்சிருந்தா அது எப்படிப் பரவியிருக்கும்னு சொல்லத் தேவையில்லை. பெட்டி செய்ய ஆள் இல்லாம கம்பளியில சுத்தி வச்சு புதைச்சாங்கன்னு தாத்தா சொல்லுவார், அப்ப அவருக்கு ஏழு வயசு.

இவங்க எல்லாம் இங்க ஏன் வந்தாங்கன்னு உங்க கவுன்சில்ல இருக்கற இளவயசுக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, தப்பில்லை, பள்ளிக்கூடத்துல யாரும் சொல்லிக் கொடுக்கலை. 1860 நவம்பர் 16 அன்னிக்கு ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்ல இருந்து டர்பனுக்கு வந்துச்சு, அதுல இருந்து 1911 வரைக்கும் 1,52,184 பேரை கிர்மிட்டுல, அதாவது ஒப்பந்தக் கூலியா, கொண்டு வந்தாங்க. நிறைய பேர் கரும்புத் தோட்டத்துக்குப் போனாங்க. 1889ஐ ஒட்டி ரயில் வடக்குப் பக்கம் நிலக்கரி வயலுக்கு வந்ததும் டண்டி, நியூகாசில், டேன்ஹவுசர் பக்கம் வரிசையா சுரங்கம் திறந்தாங்க, டர்பன் துறைமுகத்துக்கு வர கப்பலுக்கெல்லாம் கரி வேணும், அதைத் தோண்ட, தள்ள, பொறுக்க ஆள் வேணும், அந்த ஆளுங்கதான் நாங்க. என் கொள்ளுத்தாத்தா பேர் கப்பல் பட்டியல்ல இருக்கு. அப்பா பேர், வயசு, ஜாதி, ஜில்லா வட ஆற்காடு, கிராமம், அதுக்கு முன்னாடி ஆறு இலக்கத்துல ஒரு நம்பர். பேரை வெள்ளைக்காரன் காதுல விழுந்த மாதிரி தப்பா எழுதியிருக்கான், நம்பரை மட்டும் சரியா எழுதியிருக்கான்.

அஞ்சு வருஷம் கான்ட்ராக்ட். முடிஞ்சா ஊருக்குப் போ, இல்லைன்னா மறுபடி கையெழுத்துப் போடு, ரெண்டும் இல்லைன்னா வருஷத்துக்கு மூணு பவுன் வரி கட்டு. 1895ல போட்ட சட்டம் அது. மூணு பவுன்னா 60 ஷில்லிங், கான்ட்ராக்ட்ல முதல் வருஷ சம்பளம் மாசம் 10 ஷில்லிங், கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. ஆம்பளைக்கு மட்டும் இல்லை, பொம்பளைக்கும் தனியா, 16 வயசுக்கு மேல பையன், 13 வயசுக்கு மேல பொண்ணு இருந்தா அவங்களுக்கும் தனித்தனியா. வயசுக்கு வந்த ரெண்டு பிள்ளை இருக்கற குடும்பத்துக்கு வருஷம் 12 பவுன். கட்ட முடியாம மறுபடி சுரங்கத்துக்கே கையெழுத்துப் போட்டவங்கதான் ஜாஸ்தி.

1913 அக்டோபர் நடுவுல பக்கத்து மாகாணம் டிரான்ஸ்வால்ல இருந்து, காந்தியோட போராட்டத்துல இருந்த தம்பி நாயுடுங்கறவரோட சேர்ந்து கொஞ்சம் பொம்பளைங்க நியூகாசிலுக்கு வந்தாங்க, பெரும்பாலும் தமிழ்ப் பொம்பளைங்க, சில பேர் இடுப்புல கைக்குழந்தை. சுரங்கம் சுரங்கமா, லைன் லைனா போய் பேசினாங்க. வரியை எடுக்கற வரைக்கும் கரி எடுக்காதீங்கன்னு சொன்னாங்க, அவ்வளவுதான் சொன்னாங்க. ஃபேர்லீ, பாலன்கீக்னு ஆரம்பிச்சு ஒவ்வொரு சுரங்கமா நின்னுச்சு. அந்தப் பொம்பளைங்களைப் பிடிச்சு மூணு மாசம் கடுங்காவல் போட்டாங்க, அதனால வேலைநிறுத்தம் இன்னும் பெருசாச்சு. முதலாளிங்க லைன்ல விளக்கையும் தண்ணியையும் நிறுத்தினாங்க. அப்ப சனங்க என்ன பண்ணுச்சு, கம்பளியை சுருட்டி தோள்ல போட்டுக்கிட்டு நடக்க ஆரம்பிச்சுச்சு. நியூகாசில்ல இருந்து சார்ல்ஸ்டவுன் 36 மைல். நவம்பர் 6 காலையில சார்ல்ஸ்டவுன்ல இருந்து காந்தி கூட டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டினவங்க 2,037 ஆம்பளைங்க, 127 பொம்பளைங்க, 57 பிள்ளைங்க. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒன்றரை பவுண்டு ரொட்டி, ஒரு அவுன்ஸ் சக்கரை. நடையில ரெண்டு கைக்குழந்தைங்க செத்துப் போச்சு.

அந்த 57 பிள்ளைங்கள்ல ஒண்ணு எங்க தாத்தா. ரெண்டு வயசு. தாய் தோள்ல. அவருக்கு எதுவும் ஞாபகம் கிடையாது, ஆனா சாகற வரைக்கும் ரொட்டியில சக்கரையைத் தூவி மடிச்சு எங்க கையில கொடுத்து "இது உங்க பாட்டி நடந்த சோறு"ன்னு சொல்லுவார். எங்க வீட்டுல இன்னும் நவம்பர் ஆறாம் தேதி காலையில அதைத்தான் சாப்பிடறோம்.

நடந்தவங்களைப் பிடிச்சு ஸ்பெஷல் ரயில்ல ஏத்தித் திருப்பிக் கொண்டு வந்தாங்க. ஜெயில்ல இடம் இல்லைன்னு சொல்லி சுரங்கக் கம்பவுண்டையே ஜெயிலா அறிவிச்சு, கம்பி வலை அடிச்சு, சுரங்கத்து வெள்ளைக்கார ஆளுங்களையே வார்டராப் போட்டாங்க. தான் வேலை செஞ்ச இடத்துலயே கைதி. சாட்டையால அடிச்சு கீழ இறக்கினாங்க. அந்தச் சேதி இந்தியா வரைக்கும் போய், ஒரு கமிஷன் உக்காந்து, 1914ல அந்த மூணு பவுன் வரியை எடுத்தாங்க. ஜெயில்ல காய்ச்சல் வந்து வெளிய வந்து செத்த வள்ளியம்மாவுக்கு அப்ப 16 வயசு, 1914 பிப்ரவரி 22. அவங்க பேராவது நிலைச்சுது. எங்க தோப்புல இருக்கறவங்க பேர் ஒரு புஸ்தகத்துலயும் இல்லை. இருக்கற ஒரே பதிவு அந்த மண்ணுதான், அது மேலதான் நீங்க ரோடு போடறேங்கறீங்க.

அதுக்கப்புறம் சுரங்கத்துல இந்தியர் எண்ணிக்கை கொறைஞ்சு கொறைஞ்சு வந்துச்சு. ஆள் கொண்டு வரதை 1911லயே நிறுத்தியாச்சு, வேலைநிறுத்தத்தைப் பார்த்த முதலாளிங்களும் ஸூலு ஆளுங்களையும் வெளிய இருந்து கூட்டிட்டு வந்த ஆப்பிரிக்கத் தொழிலாளிகளையும் வச்சு ஓட்டினாங்க. அவங்களுக்கு நடந்தது எங்களுக்கு நடந்ததை விட மோசம், இதை நான் ஒளிக்க மாட்டேன். குடும்பத்தைக் கூட்டிட்டு வரக்கூடாது, கம்பவுண்டுல சிமெண்ட் பங்க், வருஷம் பூரா அங்க. 1926ல டேன்ஹவுசர் பக்கம் ஒரு சுரங்கம் வெடிச்சு நூத்துக்கு மேல செத்தாங்க, 1983ல ஹ்லோபேன்ல 68 பேர். அதனால இது தமிழாளுங்க பிரச்சனை மட்டும்னு யாரும் நினைச்சுக்க வேண்டாம், எங்க மனுல முதல் கையெழுத்து பக்கத்து லைன்ல இருக்கற ஸூலு பாட்டியோடது, கோகோன்னுதான் கூப்பிடுவோம், அவங்க வீட்டுக்காரரும் மூத்த பையனும் அதே சுரங்கத்துல வேலை செஞ்சு அதே சரிவுல இருக்காங்க. அவங்க எழுதப் படிக்கத் தெரியாதவங்க, பேனாவை வாங்கி ரொம்ப நேரம் பிடிச்சிருந்து தன் பேரை எழுத்து எழுத்தா வரைஞ்சாங்க. அந்தக் கையெழுத்தை உங்க ஆபீஸ்ல யாராவது நின்னு பாக்கணும்.

எங்க அப்பா பம்ப் ஆள். சுரங்கத்துல தண்ணி ஏறாம பாத்துக்கற வேலை, ராத்திரி ஷிஃப்ட். காலையில வந்து பின்வாசல்ல பூட்ஸைத் தட்டற சத்தம்தான் எங்களுக்கு அலாரம். அறுபது தாண்டறதுக்குள்ள படியேற முடியாம மூச்சு வாங்கினார், டவுன் ஆஸ்பத்திரியில ஆஸ்துமான்னு சொல்லி வாயில அடிக்கற மருந்து பம்ப் கொடுத்து அனுப்பினாங்க, ஒவ்வொரு தடவையும் ஆஸ்துமாதான். அவர் போனதுக்கு அப்புறம் யாரோ சொல்லி, சுரங்கத்துல வேலை பாத்தவங்களோட நுரையீரலையும் இதயத்தையும் ஜோஹானஸ்பர்க்குக்கு அனுப்பி சோதிக்கலாம், காசு கிடையாதுன்னு தெரிஞ்சுச்சு. அம்மா ரெண்டு நாள் யோசிச்சாங்க. அப்பாவை முழுசா அனுப்பணும்னு ஆசை. கடைசியில சரின்னு கையெழுத்துப் போட்டாங்க. ஒரு பிளாஸ்டிக் பாக்ஸ்ல மருந்துத் தண்ணியில மிதக்க வச்சு எடுத்துட்டுப் போனாங்க, மாசக்கணக்கா ஆச்சு, அப்புறம் ஒரு லெட்டர் வந்துச்சு, கரித்தூசு நோய்னு. உயிரோட இருந்தப்ப யாரும் சொல்லாததை செத்தப்புறம் சொன்னாங்க. சுரங்கத்து ஆளுங்களோட நுரையீரல் நோய்க்கு நஷ்டஈடு கொடுக்கற சட்டத்துல 1993 வரைக்கும் இனத்தைப் பாத்துதான் தொகை வச்சிருந்தாங்க, எங்களுக்கு வந்தது அதுக்கப்புறம்தான், ஆனா எங்க தெருவுல பாதிப்பேருக்கு அப்படி ஒரு சட்டம் இருக்கறதே தெரியாது.

1990கள்ல சுரங்கத்தை மூடினாங்க. ஒரு வெள்ளிக்கிழமை சைரன் ஊதலை, அவ்வளவுதான். சுரங்க வாய் மேல நின்ன ஹெட்கியர் கோபுரத்தை வெட்டி இரும்புக்குப் போட்டாங்க, லேம்ப் ரூம்ல ஆடு கட்டறாங்க, கிளப்பு இருந்த இடத்துல சுவர் மட்டும் நிக்குது. டவுனுக்குப் போனவங்க போனாங்க, நியூகாசில் இரும்பாலைக்குப் போனாங்க, டர்பனுக்குப் போனாங்க. மிச்சம் இருக்கறவங்க வயசானவங்க, அவங்ககிட்ட விட்டுட்டுப் போன பேரப்பிள்ளைங்க, வேலை இல்லாத பசங்க. பசங்க பழைய சுரங்க வாய் வழியா உள்ள புகுந்து மூட்டையில கரி எடுத்துட்டு வந்து விக்கறாங்க, சட்டவிரோதம்தான், ஆனா இங்க ஜூலை மாசக் குளிர்ல உறைபனி விழும், கரண்ட் போயிடும், கோல் ஸ்டவ் இல்லாம வீடு தாங்காது. அந்தப் பசங்க உள்ள போற இடம் எப்படிப்பட்டது தெரியுமா, தூண் விட்டு வெட்டற முறையில கரியையே தூணா விட்டு மத்ததை எடுப்பாங்க, மூடப் போற காலத்துல கடைசியா அந்தத் தூணையும் கொஞ்சம் கொஞ்சமா செதுக்கி எடுத்துட்டுப் போனாங்க. அதனாலதான் எங்க பள்ளிக்கூடத்து மைதானம் ஓரமா தரை உள்வாங்கி ஒரு கார் நிக்கற அளவுக்குக் குழி. டயரைச் சுத்தி அடுக்கி வச்சிருக்காங்க பிள்ளைங்க விழாம இருக்க. டயரை அடுக்கினது ஊர்க்காரங்க.

டம்ப் எரியுது. நீங்க வாங்கியிருக்கற அந்த டம்ப்தான், வருஷக்கணக்கா உள்ளுக்குள்ள எரியுது. கரியும் கல்லும் கலந்த குப்பையில காத்து புகுந்தா தானா சூடாகி பத்திக்கும், யாரும் நெருப்பு வைக்கத் தேவையில்லை. பகல்ல வெள்ளைப் புகை, ராத்திரி வெடிப்புல சிவப்பாத் தெரியும், காத்து நம்ம பக்கம் திரும்பினா கந்தக நாத்தம், துணி காயப்போட முடியாது, அம்மா ஜன்னல் இடுக்குல ஈரத்துணி வைப்பாங்க. குளிர்காலத்துல பிள்ளைங்க பள்ளிக்கூடம் போற வழியில அது மேல ஏறி கால் சூடு காட்டிட்டுப் போகும். நாலு வருஷம் முன்னாடி அப்படி ஏறின ஒரு பையன், ஒன்பது வயசு, மேல சாம்பல் மாதிரி இருந்த இடத்துல கால் வச்சான், முழங்கால் வரைக்கும் உள்ள போச்சு. தூக்கிட்டு ஓடி வந்தது என் தம்பி. தோல் சாக்ஸ் மாதிரி கழண்டு வந்துச்சு. இன்னிக்கும் அந்தப் பிள்ளை ஒரு காலை இழுத்துதான் நடக்கறான். அன்னிக்கு நாங்க கொடுத்த மனுவுக்கு உங்ககிட்ட இருந்து ஒரு வரி பதில் வரலை, வேலி போடலை, போர்டு கூட வைக்கலை.

தண்ணி. சுரங்கத்துல பம்ப் நின்னதும் தண்ணி ஏற ஆரம்பிச்சுச்சு, அப்பா முன்னாடியே சொன்னார், இது ஒரு நாள் மேல வரும்னு. கரியோட சேந்து இருக்கற பைரைட்ங்கற தாதுல தண்ணியும் காத்தும் பட்டா அமிலம் ஆகும், இரும்பைக் கரைச்சுக்கிட்டு ஆரஞ்சு கலர்ல வெளிய வரும். எங்க ஓடை ஆரஞ்சு. கல்லெல்லாம் மஞ்சளும் சிவப்புமா படிஞ்சிருக்கு, மீன் கிடையாது, தவளை கூட கிடையாது, அந்த ஓடைதான் கீழ போய் பஃபலோ ஆத்துப் பக்கம் சேருது. குழாய்ல வாரத்துல மூணு நாள் தண்ணி வராது. வராதப்ப சனங்க எங்க போகும்?

நீங்க சொல்லலாம், இந்த நாட்டுல கேப்பாரில்லாத சுரங்கம் ஆயிரக்கணக்குல இருக்கு, எதைன்னு பாக்கறதுன்னு. தெரியும், 2009ல கணக்குத் தணிக்கை அதிகாரி அறிக்கையிலயே 5,906ன்னு வந்துச்சு. ஆனா எங்களுக்கு 5,906 ஊர் இல்லை, ஒரு ஊர்தான்.

இப்ப வேலை விஷயத்துக்கு வரேன். டம்பைத் தோண்டினா பசங்களுக்கு வேலை கிடைக்கும்னு கவுன்சிலர் ஒருத்தர் கூட்டத்துல சொன்னாராம். நான் வேலைக்கு எதிரி கிடையாது. உண்மையைச் சொன்னா அந்த டம்ப் அங்க இருந்து போறதுதான் எங்களுக்கும் நல்லது, ஒழுங்கா எடுத்து, எரியறதை அணைச்சு, மண்ணு போட்டு மூடி புல்லு நட்டா நாங்களே வந்து கும்பிடுவோம். எதுக்கு எதிர்ப்புன்னா மூணு விஷயத்துக்கு, இருக்கறவங்களை இல்லைன்னு எழுதினதுக்கு, தோப்பு வழியா ரோடு போடறதுக்கு, கரியை மட்டும் கழுவி எடுத்துட்டு அழுக்குத் தண்ணியையும் மிச்சக் குப்பையையும் மறுபடி எங்க தலையில விட்டுட்டுப் போறதுக்கு. இதுக்கு முன்னாடி ஒரு தடவை அப்படி விட்டுட்டுப் போனதைப் பாத்த ஊர் இது. ரோட்டுக்கு வேற வழி இருக்கு, பழைய ரயில் சைடிங் போன தடம், தண்டவாளத்தை எப்பவோ பிடுங்கிட்டாங்க, அகலமா கெட்டியா இருக்கு. கொஞ்சம் சுத்து, அவ்வளவுதான்.

சட்டம் எங்க பக்கம் இருக்குன்னும் தெரிஞ்சுக்கோங்க. 1999ஆம் வருஷத்து தேசிய பாரம்பரிய வளச் சட்டம் 36ஆம் பிரிவு, முனிசிபாலிட்டி நடத்தற சுடுகாட்டுக்கு வெளிய இருக்கற 60 வருஷத்துக்கு மேலான எந்தக் கல்லறையையும் பாரம்பரிய அதிகாரிங்க அனுமதி இல்லாம தொடக்கூடாது, சேதப்படுத்தக்கூடாது, இடம் மாத்தக்கூடாது. அந்த அனுமதி கேக்கறவங்க, கல்லறையோட சம்பந்தப்பட்ட சனங்களைத் தேடிப் பிடிச்சு பேசியிருக்கணும். ஃப்ரிட்ஜ் கதவுல பேப்பர் ஒட்டறது தேடிப் பிடிச்சுப் பேசறது ஆகாது. அதே சட்டம் 34ஆம் பிரிவு, 60 வருஷத்துக்கு மேலான கட்டிடத்துக்கும் இதே மாதிரி, அதுல எங்க லைன் வீடுங்களும் வரும், தகரக் கோயிலும் வரும்.

தகரக் கோயில்னு சொன்னேன்ல, அதையும் உங்க பேப்பர்ல காணோம். மாரியம்மன் கோயில், நாலு பக்கமும் நெளித் தகரம், உள்ள கரகம் வைக்கற மேடை மட்டும் செங்கல். எங்க சனங்க லைனுக்கு வந்ததும் முதல்ல கட்டினது அதுதான்னு தாத்தா சொல்லுவார். இன்னிக்கும் ஆடி மாசம் கூழ் ஊத்தறோம், டர்பன்ல இருந்து பத்துப் பதினஞ்சு குடும்பம் பிக்கப் வண்டியில வரும், ஊர்ல இருக்கற ஸூலு பிள்ளைங்க எல்லாம் கிண்ணத்தோட வரிசையில நிக்கும், கூழை அவங்க அம்மாமாருங்கதான் இப்ப கிண்டறாங்க, எங்க அம்மாவுக்குக் கை வலி. கூழ் ஊத்தி முடிச்சு ஒரு சொம்பு எடுத்துட்டு தோப்புக்குப் போய் அந்த மேடுங்க மேல கொஞ்சம் கொஞ்சமா ஊத்திட்டு வருவோம். இதை நூறு வருஷத்துக்கு மேலா செய்யறோம். அந்த இடத்துலதான் யாரும் இல்லைன்னு எழுதினீங்க.

எங்களுக்கு வேண்டியதைச் சொல்றேன்.

அந்த நோட்டீஸை வாபஸ் வாங்குங்க. திருத்தி எழுதினது போதாது, வாபஸ். புதுசா எழுதறதை இங்கிலீஷ், ஸூலு ரெண்டுலயும் எழுதி, ஊர்ல கூட்டம் போட்டு வாய்விட்டுப் படிங்க, படிக்கத் தெரியாதவங்க பாதிப் பேர் இருக்கற ஊர் இது. ரோட்டை சைடிங் தடத்துக்கு மாத்துங்க. மாகாண பாரம்பரிய அதிகாரிங்களை வரவழைச்சு தோப்பு, கீழச் சரிவு ரெண்டையும் முழுசா அளந்து, ஒவ்வொரு கல்லறைக்கும் குறி வச்சு, வேலி போட்டு, முனிசிபாலிட்டி பதிவுல சுடுகாடுன்னு ஏத்துங்க. அந்த வேலிக்கு ஆகற செலவை கம்பெனி ஏத்துக்கணும். அந்த வேலையில ஊர்ப் பசங்களுக்கே கூலி கொடுங்க. டம்புல மண்ணுவெட்டி வைக்கறதுக்கு முன்னாடி எரியற இடத்தைச் சுத்தி வேலி, போர்டு, அணைக்கறதுக்கு ஒரு திட்டம், எப்ப ஆரம்பிச்சு எப்ப முடியும்னு தேதியோட எழுத்துல வேணும். ஓடைத் தண்ணியையும் குழாய்த் தண்ணியையும் சோதிச்சு ரிசல்ட்டை கடைச் சுவத்துல ஒட்டுங்க, அதுவரைக்கும் டேங்கர் தண்ணி ஒழுங்கா அனுப்புங்க. பள்ளிக்கூட மைதானக் குழியை மூடுங்க, இதுக்கு மட்டும் நாங்க காத்திருக்கத் தயாரா இல்லை, இந்த டெர்ம் முடியறதுக்குள்ள. லைன் வீட்டுல மூணு தலைமுறையா இருக்கறவங்களுக்கு வீட்டுப் பத்திரம் கொடுங்க, பத்திரம் இல்லாததனாலதான் உங்க பேப்பர்ல "குடியிருப்பு இல்லை"ன்னு எழுத முடிஞ்சுது. சுரங்கத்துல வேலை செஞ்சவங்க, அவங்க விதவைங்க பேரை எடுத்து நுரையீரல் சோதனைக்கும் நஷ்டஈட்டு மனுவுக்கும் ஊருக்கே ஆள் அனுப்புங்க, எண்பது வயசுல டவுனுக்கு ரெண்டு டாக்ஸி மாறி வர முடியாது.

சாட்ஸ்வொர்த்துலயும் மத்த இடத்துலயும் இதைப் படிக்கற நம்மாளுங்களுக்கு ஒண்ணு, உங்க வீட்டுல பாட்டன் பூட்டன் நம்பர் எழுதின பேப்பர், கல்யாணச் சீட்டு, சுரங்கத்துப் பாஸ் எதாவது இருந்தா தேடிப் பாருங்க, வேலை கொடுத்தவங்கன்னு இருக்கற இடத்துல வடக்குப் பக்கத்துச் சுரங்கப் பேர் இருந்தா உங்க ஆளும் அந்தத் தோப்புல இருக்கலாம். ஆட்சேபணை மனுல உங்க கையெழுத்தும் வேணும்.

கவுன்சிலர்களே, கம்பெனிக்காரங்களே, உங்க 30 நாள்ல இன்னும் 11 நாள் இருக்கு. வர சனிக்கிழமை நான் கிளாஸை நிறுத்திட்டு ஊருக்கு வரேன், காலையில ஏழு மணிக்கு மேல டேங்க் பக்கத்துல நிப்பேன், தம்பி இருப்பான், கோகோவும் வரேன்னு சொல்லியிருக்காங்க. அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டவர் நேர்ல வரணும், வேற ஆளை அனுப்பாதீங்க. முள்ளு இருக்கு, பூட்ஸ் போட்டுட்டு வாங்க.